கட்டிக் கொடுத்த சாப்பாடு அப்படியே திரும்பி வருதா? குழந்தைகள் டிபன் பாக்ஸைக் காலி செய்ய என்ன வழி?

மாலை நாலரை மணி. பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் பையைத் திறந்து டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். கனமாக இருக்கிறது. உள்ளே காலையில் வைத்த சாதம் கட்டிப்போய் அப்படியே இருக்கிறது. "ஏன்டா சாப்பிடல?" என்று கேட்டால், "டைம் இல்லம்மா", "பிடிக்கல" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது.

பல வீடுகளில் தினமும் நடப்பதுதான் இது. ஆனால் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. காலை ஏழரைக்கு அரைகுறையாக இட்லி சாப்பிட்ட 6 வயதுக் குழந்தை மதியமும் சாப்பிடாவிட்டால், மாலை வரை சுமார் 9 மணி நேரம் கிட்டத்தட்ட வெறும் வயிற்றோடு இருக்கிறது. மதிய வகுப்பில் தூக்கம், எரிச்சல், வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட், அதனால் இரவுச் சாப்பாட்டிலும் பாதி. இந்தச் சுற்றை எங்கே உடைப்பது?

இதற்கு நாகலாபுரத்திலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது.

நாகலாபுரம் என்ன சொல்கிறது?

ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டையை ஒட்டிய எல்லையில் இருக்கிறது நாகலாபுரம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். வேதநாராயண சுவாமி கோயிலாலும், பக்கத்திலுள்ள சுருட்டப்பள்ளி பள்ளிகொண்டீஸ்வரராலும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதி. வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு என்று இரண்டும் புழங்கும் இடம். சமையலும் அப்படித்தான். புளியோதரையும் உண்டு, கோங்குராவும் உண்டு, ராகிக் களியும் உண்டு.

இங்கே மதிய உணவு இரண்டு விதமாக வருகிறது. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டிலிருந்து டப்பா எடுத்துப் போகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே சூடாகத் தட்டில் விழுகிறது. ஆந்திர அரசின் மதிய உணவுத் திட்டத்துக்கு இப்போது 'டொக்கா சீதம்மா' பெயர். 19-ம் நூற்றாண்டில் கோதாவரிப் பகுதியில் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டதற்காக 'ஆந்திராவின் அன்னபூரணி' என்று போற்றப்படுபவர் அவர்.

ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சமைப்பதே கஷ்டம் என்றால், லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சாப்பிட வைக்க அரசு என்ன செய்தது?

முதலில், தினமும் ஒரே சாதம், ஒரே சாம்பார் என்பதை மாற்றினார்கள். 2020 ஜனவரியில் ஆந்திராவில் மெனு மாற்றப்பட்டபோது புளியோதரை, காய்கறிச் சாதம், சாம்பார் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று நாளுக்கு ஒன்று வந்தது. வாரத்தில் 5 நாள் முட்டை, 3 நாள் கடலை மிட்டாய். 2023 மார்ச்சிலிருந்து மீதி 3 நாள் ராகி ஜாவ, அதாவது வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி.

அடுத்தது அரிசி. 2025 ஜூனில் பள்ளிகள் திறந்தபோது, ரேஷன் வகை மோட்டா அரிசிக்குப் பதில் சன்ன அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். சோறு தடிப்பாகவும் குழைவாகவும் இருந்தால் குழந்தைகள் ஒதுக்குகிறார்கள் என்பதே காரணம்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் இதே கதைதான். தமிழ்நாடு சத்துணவில் 2013-ல் கலவைச் சாதங்கள் வந்தன. முட்டையும் வெறும் அவித்த முட்டையாக இல்லாமல் மிளகு, தக்காளி, வெங்காய மசாலாவோடு தரப்பட்டது. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய திட்டத்துக்கு 30 ஆண்டுகள் கழித்துத் தேவைப்பட்ட மாற்றம் ருசியும் ரகமும்தான்.

பாடம் எளிது: சத்து தட்டில் இருந்தால் போதாது, வயிற்றுக்குள் போக வேண்டும். வீட்டு டப்பாவுக்கும் இதே விதிதான்.

குழந்தை ஏன் சாப்பிடுவதில்லை?

"அடம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உண்மையில் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றுதான் காரணம்.

நேரம்: மணி அடித்து, கை கழுவி, டப்பாவைத் திறப்பதற்குள்ளேயே நிமிடங்கள் ஓடிவிடும். உண்மையில் சாப்பிடக் கிடைப்பது 15, 20 நிமிடம்தான். மெல்ல நேரமெடுக்கும் சப்பாத்தியோ, பிசைந்து சாப்பிட வேண்டிய குழம்புச் சாதமோ அதற்குள் முடியாது.

மூடி: எல்.கே.ஜி. பிள்ளையால் இறுக்கமான எவர்சில்வர் டப்பாவைத் திறக்க முடியாது. டீச்சரிடம் கேட்கக் கூச்சப்படும். சாப்பிடாததற்கு இது காரணமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றவே தோன்றாது.

ஆறின சாப்பாடு: அடுப்பிலிருந்து எடுத்ததும் நன்றாக இருந்த தோசை, 5 மணி நேரத்தில் ரப்பராகிவிடும். பருப்புச் சாதம் கட்டியாகிவிடும். பூரி நமத்துப்போகும். நாம் சூடாக ருசி பார்த்துக் கட்டுகிறோம், குழந்தை ஆறியதைச் சாப்பிடுகிறது.

புது உணவு பயம்: 2 முதல் 6 வயது வரை தெரியாத உணவைக் கண்டு ஒதுங்குவது வளர்ச்சியில் இயல்பான கட்டம். பிடிவாதம் அல்ல.

அளவு: பெரிய டப்பா நிறைய அடைத்துக் கொடுத்தால், பார்த்ததுமே குழந்தைக்கு மலைப்பு வந்துவிடும்.

கேலி: "உன் சாப்பாடு நாறுது" என்று பக்கத்து பெஞ்ச் பிள்ளை ஒருமுறை சொன்னால் போதும். அதன் பிறகு எவ்வளவு ருசியாகச் செய்து கொடுத்தாலும் டப்பாவைத் திறக்காது.

எவ்வளவு சாப்பிட்டால் போதும்?

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,360 கலோரியும் 16 கிராம் புரதமும் வேண்டும். 7 முதல் 9 வயதுக்கு 1,700 கலோரி, 23 கிராம் புரதம்.

மதியச் சாப்பாடு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால், சின்னக் குழந்தைக்கு 450 கலோரி. மத்திய அரசின் பி.எம். போஷன் திட்டமும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இதே 450 கலோரியையும் 12 கிராம் புரதத்தையும்தான் நிர்ணயித்திருக்கிறது. அதற்கான பொருள்: 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். எல்லாம் சமைக்கும் முன் உள்ள எடை.

அப்படியென்றால் யூ.கே.ஜி. பிள்ளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் சாதம், ஒரு முட்டை, கொஞ்சம் காய், ஒரு பழத்துண்டு போதும். ஒரு முட்டையிலேயே சுமார் 6 கிராம் புரதம் வந்துவிடும். நாம் கட்டிக் கொடுக்கும் பெரிய டப்பா பெரும்பாலும் நம்முடைய கவலையின் அளவுதான், குழந்தையின் பசியின் அளவு அல்ல.

சரி, டப்பாவில் என்ன வைக்கலாம்?

நான்கு அறை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய ஒன்று, புரதத்துக்கு ஒன்று, காய் அல்லது பழம் ஒன்று, ஆசைக்குச் சின்னதாக ஒன்று. இதில் குறைந்தது இரண்டாவது குழந்தை கண்டிப்பாகச் சாப்பிடும் என்று உங்களுக்குத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். நாகலாபுரம் வீட்டுச் சமையலில் கிடைப்பதை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

திங்கள்: எலுமிச்சைச் சாதம், அவித்த முட்டை, கொய்யாத் துண்டு. சாதத்தை ஆறவிட்டுத்தான் எலுமிச்சை பிழிய வேண்டும், சூட்டில் பிழிந்தால் கசக்கும்.

செவ்வாய்: நெய்யும் பொடியும் தடவிய மினி இட்லி, உரித்த ஆரஞ்சு. தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், பொடிதான் பத்திரம்.

புதன்: கீரை போட்ட பருப்புச் சாதம். ஆறினால் இறுகும் என்பதால், கட்டும்போது கொஞ்சம் தளர்வாகவே பிசைந்து மேலே நெய் விடுங்கள். கூடவே உருளைக்கிழங்கு வறுவல்.

வியாழன்: தயிர் சாதம், மாதுளை முத்து. சாதத்தைப் பால் விட்டுப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்தால் மதியத்துக்குள் பதமாக உறையும், புளிக்காது.

வெள்ளி: கேரட் துருவல் போட்ட குழிப்பணியாரம், வேர்க்கடலைப் பொடி. தோசை மாதிரி இது ரப்பராகாது. கையில் எடுத்து இரண்டு வாயில் முடிந்துவிடும்.

சனி: புளியோதரை, சுண்டல், சின்னத் துண்டு கடலை மிட்டாய்.

முட்டை சாப்பிடாத வீடென்றால் சுண்டல், பனீர், வேர்க்கடலை, கெட்டித் தயிர் என்று புரதத்துக்கு வேறு வழிகள் உண்டு. ஆனால் 5 வயதுக்குக் குறைவான குழந்தைக்கு முழு வேர்க்கடலை, முழு திராட்சை கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள். கடலை மிட்டாயும் இந்த வயதைத் தாண்டியவர்களுக்கே.

கீரையோடு எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு போன்றவற்றைச் சேர்ப்பதிலும் அர்த்தம் இருக்கிறது. அவற்றிலுள்ள வைட்டமின் சி, கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச உதவும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் ஆந்திராவில் 63 சதவீதம், தமிழ்நாட்டில் 57 சதவீதம். திரும்பி வரும் டப்பாவைப் பற்றிக் கவலைப்பட இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

கெட்டுப்போகாமல் கட்டுவது எப்படி?

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். காலையில் கட்டிய டப்பா மதியம் வரை இந்த நடு வெப்பத்தில்தான் கிடக்கிறது. சோற்றில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பிறகும் உயிரோடு இருக்கும், வெதுவெதுப்பில் பெருகி வாந்தி பேதியைக் கொண்டுவரும்.

அதனால் இரவு வெளியிலேயே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்துக் கட்ட வேண்டாம். காலையில் புதிதாக வடித்ததையே கட்டுங்கள். கலவைச் சாதத்தைத் தட்டில் பரப்பி ஆவி போனபின் மூடுங்கள். ஆவியோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, சாதம் நசநசத்து, நாற்றம் வரும். சூடாகவே கொடுக்க வேண்டுமென்றால் ஹாட் பாக்ஸில் முதலில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவை நிரப்புங்கள். முட்டையைக் கெட்டியாக வேகவைத்து, ஈரம் துடைத்து வையுங்கள். கோடைக்கு எலுமிச்சை, புளி, தயிர் சேர்ந்த புளிப்பு உணவுகள்தான் தோதானவை. கோயில் பிரசாதமும் கட்டுச்சோறும் புளியோதரையாக இருப்பது சும்மா இல்லை.

பிடிக்காத காயை எப்படிப் பழக்குவது?

டப்பாவில் அல்ல, வீட்டில். புது உணவு ஒன்றை ஏற்றுக்கொள்ள ஒரு குழந்தைக்கு 8 முதல் 15 முறை வரைகூட அதைப் பார்க்கவும் ருசிக்கவும் வேண்டியிருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாம் மூன்றாவது முறையிலேயே "இவனுக்கு பீன்ஸ் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் வையுங்கள், வற்புறுத்தாதீர்கள். வீட்டில் நாலு தடவை சாப்பிட்ட பிறகே அது டப்பாவுக்குப் போக வேண்டும்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் இதற்கு ஒரு பொறுப்புப் பிரிவினை சொல்கிறார்: எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் முடிவு. ஊட்டிவிட்டே பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் பள்ளியில் ஊட்ட ஆள் இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஞாயிறு மதியம் அதே டப்பாவில் கட்டி, வீட்டிலேயே தானாகத் திறந்து 20 நிமிடத்தில் சாப்பிடச் சொல்லிப் பாருங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

சாயங்காலம் என்ன கேட்பது?

"ஏன் சாப்பிடல?" என்றால் அது விசாரணை. குழந்தை பொய் சொல்லும், இல்லையென்றால் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு வரும். அதற்குப் பதிலாக, "இன்னைக்கு எது நல்லா இருந்துச்சு? எது வேணாம்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். மிச்சமே ஒரு கடிதம்தான். சாதம் மட்டும் மிச்சமென்றால் அளவைக் குறையுங்கள். எல்லாமே பாதி பாதி மிச்சமென்றால் நேரம் போதவில்லை. டப்பாவே திறக்கப்படவில்லை என்றால் மூடியையும் பக்கத்து பெஞ்ச்சையும் பற்றி விசாரியுங்கள்.

சிப்ஸ் பாக்கெட் வைத்தால் காலியாகும்தான், ஆனால் அது பசியை ஏமாற்றும் வேலை. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைக் குழந்தைகளுக்கு விற்கக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் விதி வகுத்திருக்கிறது. கடையில் விற்கக் கூடாததை நாமே கட்டிக் கொடுப்பதில் நியாயம் இல்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, முகம் வெளுத்துச் சீக்கிரம் சோர்ந்தாலோ, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ, முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை தரும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையையும், ஆண்டுக்கு இரு முறை தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

நாளைக் காலையே எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. டப்பாவைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், பிள்ளை தானே திறக்கும் மூடியாகப் பாருங்கள், பிடித்த ஒன்றை உள்ளே வையுங்கள். நாலரை மணிக்குத் தூக்கிப் பார்க்கும்போது டப்பா லேசாக இருந்தால், அன்றைக்கு உங்கள் சமையல் ஜெயித்துவிட்டது.