காய்ச்சல் மருந்தும் குழந்தையின் ஈரலும்

கோவைப் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் போதும், வீட்டுக்கு வீடு சளி, காய்ச்சல். பாரசிட்டமால் பாட்டில் இல்லாத வீடு அபூர்வம். நல்ல மருந்துதான். ஆனால் அளவு மீறினால் பிஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும். உயிரையும் பறிக்கும்.

வேண்டுமென்று யாரும் அதிகமாகக் கொடுப்பதில்லை. விடிகாலையில் தாய் கொடுக்கிறாள். அவள் மில்லுக்குப் போனதும், "கண்ணுக்கு உடம்பு நெருப்பாச் சுடுதே" என்று அப்பத்தா இன்னொரு வாய் ஊற்றுகிறாள். மாலையில் அப்பா வாங்கி வரும் சளி மருந்திலும் சில சமயம் இதே பாரசிட்டமால் கலந்திருக்கிறது!

பாட்டிலிலும் ஒரு வம்பு உண்டு. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் போதும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. சொட்டு மருந்தோ கைக்குழந்தைக்கானது. குறைவாக ஊற்றுவதற்காகவே கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். அதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். ஒன்றரை மில்லிக்கு மேல் கூடாது. சிரப் என்று நினைத்து அதையே 6 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். சமையல் கரண்டியிலும் பாலாடையிலும் கண்ணளவாக ஊற்றுவது இன்னும் மோசம்.

ஈரல் இந்த மருந்தை உடைக்கும்போது சிறிது நஞ்சு உண்டாகிறது. ஈரலில் உள்ள ஒரு சத்து அதை முறித்துவிடும். மருந்து மேலும் மேலும் வந்தால் அந்தச் சத்து தீர்ந்துபோகும். பிறகு நஞ்சு ஈரலையே அரிக்கும். சாப்பிடாமல் கிடக்கும் நோஞ்சான் பிள்ளைக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நிமெசுலைட் என்று வேறொரு காய்ச்சல் மருந்து உண்டு. ஈரல் கெடுகிறது என்று பின்லாந்தும் ஸ்பெயினும் 2002-லேயே அதன் விற்பனையை நிறுத்தின. நம் நாட்டில் 2011 பிப்ரவரியில்தான் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடை வந்தது. ஒன்பது ஆண்டுத் தாமதம்! பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரை வீட்டில் கிடந்தால், பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பாரசிட்டமால் அளவு மீறிப் போனாலும் முதல் நாள் ஒன்றும் தெரியாது. வாந்தி மட்டும் இருக்கலாம். மஞ்சள் காமாலையும் மயக்கமும் பின்னால்தான் வரும். அதுவரை காத்திருக்காதீர்கள். முறிவு மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு, யார் யார், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று டாக்டர் கேட்பார்.