சங்கக் கணக்கும் மென்பொருளின் ஆயுளும்

சில ஆண்டுகளுக்கு முன் கே.ஜி.கண்டிகைப் பக்கத்துச் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நெசவாளர் ஒருவர் தம் கடன் பாக்கி எவ்வளவு என்று கேட்டு நின்றார். காரியதரிசி கணிப்பொறியைத் திறந்தார். கணக்குப் பக்கம் வரவில்லை. இணையவழி இயங்கும் அந்த மென்பொருளைச் செய்து கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டாராம். பரணிலிருந்த பழைய பேரேட்டை இறக்கிப் பார்த்தோம். அது எழுதப்பட்ட ஆண்டு வரை கணக்குத் தெளிவாக இருந்தது. அதற்குப் பின் கட்டிய தவணைகளுக்கு, அவர் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த ரசீதுகளே சாட்சியாயின. ரசீதைத் தொலைத்தவர் கதி என்ன?

1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் தெலுங்கில் எழுதிய பத்திரத்தை, அவ்வெழுத்தறிந்தவர் எவரும் இன்றும் படிக்கலாம். மென்பொருள் அத்தகையதன்று. கணினி மொழி, தரவுத்தளம், உலாவி எனப் பல தூண்களின் மேல் அது நிற்கிறது. ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. இணையதளங்கள் பலவற்றுக்கு அடிப்படையான பி.எச்.பி. மொழியின் 7.4-ஆம் பதிப்பு 2019-ல் வெளிவந்தது. 2022 நவம்பரோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்றது. அதன் பின் அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை உருவாக்கியோர் அடைத்துத் தருவதில்லை. பூட்டுப் பழுதான வீட்டில் பணத்தை வைப்பதற்கு இது நிகராகும்.

தறி வாங்கியதோடு செலவு முடிவதில்லை. அச்சும் விழுதும் மாற்ற வேண்டும். கிணற்றுக்குத் தூர் வார வேண்டும். மென்பொருளுக்கும் ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். வாங்கும் நாளில் விலையை மட்டும் பேசிப் பராமரிப்பை மறப்பதே நம் சங்கங்கள் செய்யும் பிழை.

நீடித்து நிற்பவையும் உண்டு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1991-ல் வெளியான முதல் இணையப் பக்கத்தை இன்றைய உலாவியிலும் படிக்கலாம். அதன் இலக்கணம் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டதே காரணம். தமிழ் எழுத்தின் அனுபவமும் இதுவே. ஒருகாலத்தில் நிறுவனத்திற்கொரு எழுத்துருக் குறியீடு இருந்தது. ஓரிடத்தில் அடித்தது மற்றோரிடத்தில் புரியாத குறிகளாகத் தோன்றியது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது.

செலவைப் பகிர்ந்துகொள்வதும் கூட்டுறவு நெறியே. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைப் பொது மென்பொருளில் இணைக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூனில் ஏற்றது. நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் சேர்ந்தவையல்ல. ஆதலின் அவை தம் காவலைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த பொதுப்பேரவையில் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். மென்பொருளை எத்தனை ஆண்டு பராமரிப்பதாக ஒப்பந்தம் உள்ளது? அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்கப்பட்டதா? அதைச் செய்தவர் விலகினாலும், நம் கணக்கு முழுவதையும் வேறு மென்பொருள் படிக்கும் வடிவில் எடுத்துக்கொள்ள முடியுமா? மூன்றாவதற்கு வாய்மொழி பதில் போதாது. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மாதந்தோறும் ஒரு நகலை அச்சிட்டுக் கையொப்பமிட்டு வைப்பதும் நன்று.

நம் மாவட்டத்துத் திரூரில் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. சங்கம் தலைமுறைகளைக் கடந்து வாழ்வது. அதன் கணக்கும் அவ்வாறே வாழ்தல் வேண்டும். அதுவரை, அன்பர்களே, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.