உக்ரைன் போர்: ஒரகடத்துக்கு வந்தது சிப் தட்டுப்பாடா, சிலிண்டர் விலையா?

2022 பிப்ரவரி 24 அதிகாலை ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அடுத்த இரண்டு வாரம் தமிழ்நாட்டு டிவிகளில் ஒரே கதைதான். பங்கர்களில் சிக்கிய மருத்துவ மாணவர்கள், ஆபரேஷன் கங்கா விமானங்கள், ஏர்போர்ட்டில் காத்திருந்த பெற்றோர். தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டும் ஏறக்குறைய 1,900 பேர் திரும்பி வந்தார்கள். அதோடு நமக்கும் அந்தப் போருக்குமான தொடர்பு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தோம்.

முடியவில்லை. கீவ் நகரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே சுமார் 6,000 கி.மீ. இருந்தாலும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் என்று வரிசையாக நிற்கும் இந்தத் தொழில் பெல்ட்டுக்கு அந்தப் போர் பல வழிகளில் வந்து சேர்ந்தது. பயந்த வழியில் வந்தது குறைவு. யாரும் பெரிதாகப் பேசாத வழியில் வந்ததுதான் அதிகம்.

சரி, சண்டை எதுக்கு?

சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது உக்ரைன் தனி நாடானது. தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அதன் எல்லைகளை மதிப்பதாக 1994 புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் கையெழுத்துப் போட்டன. 2008-ல் 'உக்ரைன் ஒருநாள் உறுப்பினராகும்' என்று நேட்டோ அறிவித்தது. தேதி சொல்லவில்லை, பாதுகாப்பும் தரவில்லை. ரஷ்யாவைச் சீண்டவும் செய்து, உக்ரைனைக் காக்கவும் செய்யாத ஒரு வாக்குறுதி.

2013 கடைசியில் ஐரோப்பிய யூனியனுடனான ஒப்பந்தத்திலிருந்து அதிபர் யானுகோவிச் பின்வாங்க, கீவ் மைதான் சதுக்கத்தில் மக்கள் திரண்டார்கள். 2014 பிப்ரவரியில் அவர் ஓடிப்போனார். மார்ச்சில் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டது. கிழக்கே டான்பாஸில் அப்போதே சண்டை தொடங்கிவிட்டது. 2021 வரை அதில் சுமார் 14,000 பேர் இறந்ததாக ஐ.நா. கணக்கு.

நேட்டோ ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2021 ஜூலையில் ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று புடின் நீண்ட கட்டுரை எழுதினார். அதைப் பார்த்தால், பக்கத்து நாட்டைத் தனி நாடாகவே அவர் ஏற்கவில்லை என்பதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

பயந்தது என்ன?

முதலில் வயரிங் ஹார்னஸ். காரின் உடம்பு முழுக்க ஓடும் வயர்களின் கட்டு அது. மெஷினால் முழுதாகச் செய்ய முடியாது. நீளமான போர்டில் வயர்களை ஒவ்வொன்றாகப் பதித்து, டேப் சுற்றி, கையால்தான் கட்ட வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மாதக்கணக்கில் ஸ்டாக் வைக்கவும் முடியாது. ஜெர்மனியின் லியோனி நிறுவனம் மேற்கு உக்ரைனில் இரண்டு ஆலைகளில் சுமார் 7,000 பேரை வைத்து இதைச் செய்தது. அவை நின்றதும் 2022 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ ஆலைகள் சில மூடின. பிறகு அந்த ஊழியர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சைரன் ஒலித்தால் பங்கருக்கு ஓடுவது, நின்றதும் மறுபடி போர்டுக்கு வருவது என்று வேலை நடந்தது.

அடுத்தது நியான். சிப் தயாரிப்பில் லேசருக்கு இந்த வாயு வேண்டும். சிப் தரத்திலான நியானில் உலக உற்பத்தியில் ஏறக்குறைய பாதி, மரியுபோலின் இங்காஸ், ஒடேசாவின் கிரையோயின் என்ற இரண்டே நிறுவனங்களிடம் இருந்தது. இரண்டும் நின்றன. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு வேண்டிய பல்லேடியத்தில் சுமார் 40% ரஷ்யாவிலிருந்து வந்தது. அதன் விலை மார்ச்சில் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியது.

படித்தால் ஒரகடமே படுத்துவிடும் போலத் தோன்றும். படுக்கவில்லை. இங்கே ஓடும் கார்களின் ஹார்னஸ் பெரும்பாலும் இந்தியாவிலேயே கட்டப்படுகிறது. ஐரோப்பியர்கள் உக்ரைனுக்குப் போனதும் இங்கே உள்ளூரில் கட்டுவதும் ஒரே காரணத்துக்குத்தான்: பக்கத்தில், குறைந்த கூலியில் கைகள் வேண்டும். நியான் விஷயத்தில் 2014-லேயே சூடுபட்ட சிப் கம்பெனிகள் மாற்று சப்ளையர், ஸ்டாக், மறுசுழற்சி என்று தயாராகியிருந்தன. 2022-ல் கார் புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தது நிஜம். ஆனால் அந்த சிப் தட்டுப்பாடு கொரோனா காலத்திலேயே தொடங்கியது, போர் உண்டாக்கியது அல்ல.

வந்தது என்ன?

எரிபொருள். 2021 நவம்பரிலிருந்து நாலரை மாதம் பெட்ரோல், டீசல் விலை அசையவில்லை (இடையில் 5 மாநிலத் தேர்தல் இருந்ததையும் கவனிக்கலாம்). மார்ச் 22-ல் ஏறத் தொடங்கி ஏப்ரல் 6-க்குள் சென்னையில் பெட்ரோல் 101.40-லிருந்து 110.85 ரூபாய், டீசல் 91.43-லிருந்து 100.94 ரூபாய். கம்பெனி பஸ்ஸும் பார்ட்ஸ் லாரியும் ஓடுவது டீசலில்தான்.

அதைவிட நேரடியாக அடித்தது 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். 2022 மே மாதம் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டியது. போர் தொடங்கியபோது இருந்ததைவிட 400 ரூபாய்க்கும் மேல். மூன்று ஷிஃப்டுக்கும் சமைக்கும் ஒரு மெஸ் நாளைக்கு இரண்டு சிலிண்டர் எரித்தால், மாதம் கூடுதலாக 24,000 ரூபாய். கூடவே எண்ணெய். இந்தியா வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனுடையது, அடுத்த இடம் ரஷ்யா. சரி, பாமாயிலுக்கு மாறலாம் என்றால் ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியையே நிறுத்தியது, ஏறக்குறைய ஒரு மாதம்.

கம்பெனிக்கு உலோக விலை ஏறினால் காரின் விலையை ஏற்ற முடியும். மெஸ்காரரால் ஓரளவுக்கு மேல் முடியாது, சாப்பிட வருகிறவரின் சம்பளம் ஏறவில்லையே. வெளிமாவட்டம், வெளிமாநிலத்திலிருந்து வந்து ஷேரிங் ரூமிலும் ஹாஸ்டலிலும் தங்கி, ஊருக்கும் பணம் அனுப்பும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்த ஏற்றத்தைத் தள்ளிவிட வேறு ஆள் இல்லை.

லைன் நின்றிருந்தாலும் இதே கதைதான். அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டப்படி லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 50% உண்டு. ஆனால் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான். தற்காலிகத் தொழிலாளிக்கும் பதலிக்கும் கிடையாது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கோ, முதலாளி என்று சட்டம் கைகாட்டுவது கார் கம்பெனியை அல்ல, கான்ட்ராக்டரை. ஷிஃப்ட் குறைந்தால் 'நாளைக்கு வர வேண்டாம்' என்ற ஒரு போன் போதும்.

ரஷ்யா மலிவாக எண்ணெய் கொடுத்ததே என்று கேட்கலாம். கொடுத்தது. போருக்கு முன் 2% அளவில் இருந்த ரஷ்யப் பங்கு, 2023-24-ல் நம் கச்சா இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஆனால் கலால் வரி குறைப்புக்குப் பின் 2022 மே மாதம் சென்னையில் 102.63 ரூபாயில் நின்ற பெட்ரோல், 2024 மார்ச் வரை 22 மாதம் அசையவில்லை. முதலில் நஷ்டத்துக்கு விற்றதை ஈடுகட்டுகிறோம் என்றன எண்ணெய் நிறுவனங்கள். அந்த எண்ணெயைக் காரணம் காட்டித்தான் 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா கூடுதலாக 25% வரி போட்டது. ஸ்மார்ட்போனுக்கு விலக்கு இருந்ததால் சுங்குவார்சத்திரம் தப்பியது, திருப்பூர் மாட்டிக்கொண்டது.

அந்தப் பக்கத்து ஆலைகள்

இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் அதே கிரெட்டா பெயரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் ஹூண்டாய் கார் செய்தது. ஒரகடத்தில் செய்த டஸ்டரை ரெனோ மாஸ்கோவிலும் செய்தது. ரஷ்யாவின் அவ்டோவாஸ் நிறுவனத்தில் இருந்த தன் பங்கை ரெனோ 2022-ல் அடையாளமாக 1 ரூபிளுக்கு விட்டுக்கொடுத்தது. நிசான் தன் ரஷ்யத் தொழிலை 1 யூரோவுக்குக் கொடுத்தது. 2022 மார்ச்சில் நின்ற ஹூண்டாய் ஆலை, 2024 தொடக்கத்தில் 10,000 ரூபிளுக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் நம் காசில் 10,000 ரூபாய்கூட வராது, ஒரு சாதா ஸ்மார்ட்போன் விலை.

அங்கே இழந்த உற்பத்தி சென்னைக்கு வந்துவிட்டதா? இல்லை. ரஷ்யச் சந்தையைச் சீன பிராண்டுகள் பிடித்துக்கொண்டன. 2,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த பீட்டர்ஸ்பர்க் ஆலையில், மீதமிருந்த பாகங்களை வைத்து 'சொலாரிஸ்' என்ற புதிய பெயரில் மறுபடி கார் கட்டத் தொடங்கியபோது அதன் கேட்டில் ஹூண்டாய் போர்டு இல்லை.