புதிய நாட்டில் முதல் பள்ளி நாள்

பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட தானியேலும் தோழர்களும் கல்தேயரின் மொழியையும் எழுத்தையும் கற்றார்கள். அவர்களுடைய பெயர்கள்கூட மாற்றப்பட்டன (தானி 1:4-7). ஆயினும், தங்கள் இறைவனை அவர்கள் மறக்கவில்லை. பிள்ளைகளோடு கனடாவுக்குக் குடிபெயரும் நம் குடும்பங்களுக்கு இது நல்ல பாடம்.

ஒன்ராறியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசு நிதியில் நடைபெறுகின்றன. பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கும். சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றுடன் திருமுழுக்குச் சான்றிதழும் பொதுவாகக் கேட்கப்படும். புறப்படும் முன்பே பங்கு அலுவலகத்தில் அதைப் பெற்றுக்கொள்வது நல்லது.

சான்றிதழ்களைவிடப் பிள்ளையின் மனதைத் தயாரிப்பதே கடினம். முதல் நாளுக்கு முன் பள்ளி வரை ஒருமுறை நடத்திக் கூட்டிச் செல்வோம். 'கழிவறை எங்கே?', 'எனக்குப் புரியவில்லை' என்பவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குவோம். உணவுப் பெட்டியில் நிலக்கடலை வேண்டாம். ஒவ்வாமை காரணமாகப் பல பள்ளிகள் அதை அனுமதிப்பதில்லை.

புதுமொழிச் சூழலில் சில பிள்ளைகள் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட வகுப்பில் பேசாதிருப்பர். அது மந்தம் அன்று. காதால் கற்கும் காலம். இதைக் கண்டு அஞ்சி, வீட்டில் தமிழை நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. பிள்ளை தன் அச்சத்தையும் அவமானத்தையும் சொல்லி அழ அப்போது அதனிடம் இருப்பது அந்த மொழி ஒன்றே. அதை நாமே பறித்துவிடலாமா? மாலையில், "என்ன படித்தாய்?" என்பதற்கு முன், "யாரோடு விளையாடினாய்?" என்று தமிழில் கேட்போம்.

எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த திருக்குடும்பத்திடம் இப்பிள்ளைகளை ஒப்படைப்போம். முதல் நாள் காலையில் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்புவோம்.