மேப்: ஓர் ஆயத்தக் கருவியின் அந்தரங்கம்

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகுகிறவர்கள், மொழியோடு கூடவே கிடைக்கும் ஆயத்தக் கருவிகளை அவற்றின் உள்ளமைப்பைப் பற்றிச் சிந்தியாமலே பிரயோகிப்பது சகஜம். அதில் குற்றமும் இல்லை. ஆயினும், அக்கருவிகளுள் ஒன்றையேனும் அடியிலிருந்து தம் கையாலேயே செய்து பார்க்கிறவருக்குத்தான், மேலுக்கு எளிமையாகத் தோன்றும் அதனுள் எத்தனை தீர்மானங்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பது பிரத்தியட்சமாக விளங்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அணிகளுக்கென்று அமைந்துள்ள ‘மேப்’ என்னும் செயற்கூற்றைக் கொண்டு இவ்விஷயத்தைச் சற்று விசாரிப்போம்.

அணி என்பது, தபால் நிலையத்தில் வரிசையாக இலக்கமிட்டு வைத்திருக்கும் பெட்டிகளைப் போன்ற ஒரு தொகுதி. இலக்கம் மட்டும் ஒன்றிலன்றிப் பூஜ்யத்தில் தொடங்கும். நாம் ஒப்படைக்கும் ஒரு செயற்கூற்றை ஒவ்வோர் அறையிலுள்ள மதிப்பின்மீதும் பிரயோகித்து, வரும் பலன்களை அதே வரிசையில் அடுக்கி, தான் மூல அணியைத் தொடாமல், புதிய அணி ஒன்றைத் தருவதே மேப்பின் காரியம். 2, 3, 5 என்னும் அணியையும், இரட்டிப்பாக்கும் செயற்கூறு ஒன்றையும் அதனிடம் கொடுத்தால், 4, 6, 10 என்னும் அணி கிட்டும்.

இக்கருத்து ஜாவாஸ்கிரிப்டில் உதித்ததன்று. லிஸ்ப் மொழியை விவரித்து ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட கட்டுரையிலேயே ‘மேப்லிஸ்ட்’ என்னும் முன்னோடி காணப்படுகிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995இல் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது மேப் அதில் இல்லை. 2009 டிசம்பரில் வெளியான ஐந்தாம் பதிப்புத் தரவிதிகளில்தான், ஃபில்டர், ரெடியூஸ் முதலியவற்றோடு அது ஸ்தானம் பெற்றது. அதன் பின்னரும், பழைய உலாவிகளை வைத்திருந்தவர்களின் பொருட்டு, நிரலர்கள் அதைத் தாமே எழுதிச் சேர்த்து வந்தார்கள்.

எழுதும் முறையும் அப்படியொன்றும் கடினமாகத் தோன்றாது. வெற்று அணி ஒன்றை உண்டாக்கி, பூஜ்யம் முதல் மூல அணியின் இறுதிவரை ஒரு மடக்கை ஓடவிட்டு, ஒவ்வொரு மதிப்பையும் செயற்கூற்றிடம் கொடுத்து, அது திருப்பித் தருவதைப் புதிய அணியின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போனால் போதும். ஐந்தாறு வரிகளில் காரியம் முடிந்துவிடும். 4, 6, 10 என்ற விடையும் சரியாகவே வரும். ஆனால், உண்மையான மேப்புக்கும் நம் மேப்புக்கும் உள்ள பேதங்கள் இதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

உரைவடிவிலுள்ள ‘1’, ‘2’, ‘3’ என்பவற்றை முழு எண்களாக்க, ‘பார்ஸ்இன்ட்’ என்னும் செயற்கூற்றை மேப்பிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். நம் மேப் 1, 2, 3 என்றே தரும்; மொழியின் மேப்போ முதலில் 1 என்று தந்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் ‘எண் அல்ல’ என்று கூறும். காரணம், மொழியின் மேப், மதிப்பை மட்டுமன்றி, அதன் அறையிலக்கமாகிய சுட்டெண்ணையும் முழு அணியையும் சேர்த்து மூன்று பொருள்களைச் செயற்கூற்றுக்கு அளிக்கிறது. பார்ஸ்இன்ட் இரண்டாவதாக வரும் எண்ணை எண்முறையின் அடிமானமாகக் கொள்ளும் சுபாவமுடையது. பூஜ்யம் வந்தால் வழக்கமான பத்தடிமானம் என்று கொள்கிறது. ஓரடிமானம் என ஒன்று அதற்கு இல்லை. ஈரடிமானத்திலோ 3 என்னும் இலக்கத்துக்கு இடமில்லை.

அடுத்தது, நீளத்தைப் பற்றிய நியமம். மேப் தன் வேலையைத் தொடங்குமுன்பே அணியின் நீளத்தைக் குறித்துக்கொள்கிறது. ஆதலால், இடையில் செயற்கூறு மூல அணியின் கடைசியில் புதியவற்றைச் சேர்த்தாலும் அவற்றை அது நாடுவதில்லை. நம் மடக்கு ஒவ்வொரு சுற்றிலும் நீளத்தைக் கேட்குமாயின், சுற்றுக்கு ஒன்றாக அணி வளர, மடக்கும் முடிவின்றி ஓடும்.

மூன்றாவது, மதிப்பே இடப்படாத காலி அறைகளைப் பற்றியது. மேப் அவற்றுக்காகச் செயற்கூற்றை அழைப்பதில்லை. பலன் அணியில் அதே இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கிறது. எனவே, பலனைக் கடைசியில் சேர்ப்பதை விடுத்து, உரிய சுட்டெண்ணிலேயே இடவேண்டும். புதிய அணியின் நீளத்தையும் முன்கூட்டியே நிர்ணயித்துவிடவேண்டும். ஒப்படைக்கப்பட்டது செயற்கூறே அன்று எனில், அணி வெறுமையாக இருந்தாலுங்கூட, உடனே பிழையை அறிவிப்பதும் நியமமே.

இங்ஙனம் செய்ததை எங்கே வைப்பது என்பதிலும் எச்சரிக்கை தேவை. மூடூல்ஸ் என்னும் நூலகம், எல்லா அணிகளுக்கும் பொதுவான மூலப்பொருளிலேயே ‘ஃபிளாட்டன்’ என்னும் செயற்கூற்றைச் சேர்த்திருந்தது. பின்னாளில் அதே பெயரைத் தரவிதிகளில் சேர்க்க முயன்றபோது, பழைய வலைத்தளம் ஒன்று பழுதுபட்டது 2018இல் வெளிப்பட, பெயர் ‘ஃபிளாட்’ என்று மாற்றப்பட்டு 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏறியது. ஒருவர் சௌகரியத்துக்காகப் பொது இடத்தில் வைத்த ஒன்று, மொழியின் போக்கையே மாற்றியது.

ஆகவே, பயிற்சிக்காகச் செய்யும் கருவியைத் தனிச் செயற்கூறாக, வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். மேப்பை முடித்தபின் ஃபில்டரையும், அதன்பின் ரெடியூஸையும் செய்து பாருங்கள். ஒவ்வொன்றையும் தரவிதிகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அன்றாடத் தொழிலில் மொழி தரும் கருவியையே கையாளுங்கள். அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிந்து கையாளுங்கள்.