கைப்பேசியும் கடுஞ்சொல்லும்

மாணவர்களே! வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றங்கரை ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் அங்கு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிருக்கு உதவாது போயிற்று. மக்கள் வாளா இருந்தாரல்லர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கேடு விளைத்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்று 1996-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆற்றில் கலந்த கழிவைப் போன்றதே இணையத்தில் விடுக்கும் இழிமொழியும். விட்டவர் ஒருவர், துன்புறுபவர் வேறொருவர். பட்டப்பெயர் இட்டு எள்ளுதல், படத்தைத் திரித்துப் பரப்புதல், பலர் கூடி ஒருவரை ஒதுக்குதல், மிரட்டுதல் ஆகிய யாவும் இணையவழிக் கொடுமைகளே. வகுப்பில் கேட்ட வசைமொழி அங்கேயே நின்றுவிடக்கூடும். கைப்பேசியில் வந்ததோ வீட்டுக்குள்ளும் நுழையும்; இரவிலும் உறங்கவிடாது; நொடிப்பொழுதில் நூறு பேர் கண்ணிற்படும்.

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. தாய் காலையிற் சென்று மாலையில் திரும்பும் வீட்டில், பிள்ளைக்குக் கைப்பேசியே துணையாகிவிடுவதுண்டு. துன்பம் நேர்ந்தாலும் பிள்ளை எளிதில் வாய் திறப்பதில்லை. ஏன்? சொன்னால் கைப்பேசியைப் பறித்துக்கொள்வர், தன்னையே கடிவர் என்னும் அச்சமே காரணம். ஆகவே, பெற்றோர் முதலில் கடிந்துகொள்ளாது செவிசாய்த்தல் வேண்டும்.

சட்டமும் துணை நிற்கின்றது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் காக்கின்றது. பாலியல் தீநோக்குடன் மின்னணுக் கருவி வழியாக அவர்களை இடைவிடாது தொடர்வதும், பொய்ப்படம் வெளியிடுவதாக அச்சுறுத்துவதும் அச்சட்டப்படி குற்றமாகும். இடருற்ற சிறுவர் 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930 ஆகும்.

எனினும், சட்டம் தீமை நிகழ்ந்த பின்னரே வரும்; முன்னரே காக்க வல்லவர் ஊராரும் பள்ளியாரும் ஆவர். யாரிடம் முறையிடுவது, எவ்வாறு விசாரிப்பது என்பதை ஒவ்வொரு பள்ளியும் முன்கூட்டியே வகுத்து அறிவித்தல் நன்று. தீங்கு இழைத்தவர் மாணவராயின், அவரைத் திருத்தும் வழியையும் அவ்விதி காட்டல் வேண்டும்.

நீங்கள் செய்யத்தக்கவையும் சில உள. வசைக்கு வசை அனுப்பாதீர்கள். வந்த செய்தியை அழித்துவிடாமல் சான்றாக வைத்திருங்கள். நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். பிறரைப் பற்றிய இழிமொழி உங்கள் கைக்கு வருமாயின், மேலும் அனுப்பாமல் நிறுத்துங்கள். அதனை அனுப்புகின்றவரும் ஆற்றில் கழிவு கலப்பவரே ஆவர். பாலாற்றின் துன்பம் மக்கள் வாய் திறந்த பின்னரே நீதிமன்றம் ஏறியது. பிள்ளையின் துன்பமும் சொல்லப்பட்ட பின்னரே தீரும்.