எட்டு நொடியில் மாட்டிக்கொள்ளும் வயலின்

லெட் செப்பெலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) தொடக்கத்தில் வரும் குழலோசை மெல்லோட்ரான்தான் என்று பல வருடங்கள் சாதித்துக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் பந்தயம் கூடக் கட்டியிருக்கிறேன். அது தப்பு. ஜான் பால் ஜோன்ஸ் உண்மையான ரெக்கார்டர் குழல்களை ஊதி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்தது அது. கச்சேரி மேடையில் அத்தனை குழலை ஒரே ஆள் ஊத முடியாதே, அதனால் அங்கே மெல்லோட்ரானை வைத்துச் சமாளித்தார். நான் மேடைப் பதிவைப் பார்த்துவிட்டு ஸ்டுடியோ பதிவுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்! இந்தக் குறிப்பு அதற்கான பிராயச்சித்தம்.

முதலில், மெல்லோட்ரான் எப்படி வேலை செய்கிறது? அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் செய்த கருவியை அடிப்படையாக வைத்து, 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவானது. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு டேப் துண்டு இருக்கும். அதில் நிஜ வயலினோ புல்லாங்குழலோ அந்த ஒரு ஸ்வரத்தை வாசித்த பதிவு. கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், விட்டால் ஸ்பிரிங் பின்னால் இழுத்துவிடும். டேப் வட்டமாகச் சுற்றுவதில்லை. நீளம் சுமார் 8 நொடிதான். 1970-இல் வந்த எம்400 மாடலில் 35 கட்டைகள், ஒவ்வொரு டேப்பிலும் மூன்று டிராக்.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் காதால் கண்டுபிடிக்கும் வழிகள் தானாக வந்துவிடும்:

1. ஒரே ஸ்வரம் திரும்ப வரும்போது கவனியுங்கள். அதே தொடக்கம், அதே நடுக்கம் வந்தால் டேப் என்று சந்தேகப்படலாம். மனிதர் வாசித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாவது மாறும்.

2. கூட்டு ஸ்வரத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தன் போக்கில் லேசாக அலையும். ஏன்னா ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவு. நிறைய கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறி சுருதி இறங்குவதும் உண்டு.

3. நீண்ட ஒலி சுமார் 8 நொடிக்குள் அறுந்துபோகும், அல்லது வாசிப்பவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அழுத்துவார். பிங்க் ஃபிளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' (1975) தொடக்கத்தில் தந்தி ஒலி நிற்காமல் நீள்கிறதே, அது ஸ்ட்ரிங் மெஷின். மின்னணு ஒலி, விரலை எடுக்கிறவரை நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: மூன்றாவது வழியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பதிவுகளை ஒன்றாகச் சேர்த்தால் 8 நொடி எல்லை மறைந்துவிடும். எனக்கு முதல் வழிதான் அதிகம் கைகொடுத்தது. 'ஸ்டேர்வே'யை அந்தக் காதோடு மறுபடி கேட்டபோதுதான் என் கட்சி சரிந்தது. ஸ்வரங்களின் தொடக்கம் ஒன்றுபோல் இல்லை, ஊதுகிற மூச்சு தெரிகிறது.

சந்தேகமில்லாத பாடல்களில் பழகிக்கொள்ளுங்கள். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' (1967) தொடக்கப் புல்லாங்குழல், கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் (1969), ஜெனிசிஸின் 'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' (1972). பீட்டில்ஸின் 'பங்களோ பில்' (1968) தொடக்கத்தில் வரும் ஸ்பானிஷ் கிடார் துணுக்கு இன்னும் வேடிக்கை. பீட்டில்ஸில் யாரும் அதை வாசிக்கவில்லை. மெல்லோட்ரான் டேப்பில் ரெடிமேடாக இருந்தது, கட்டையை அழுத்தினார்கள், அவ்வளவுதான்!

'எதுவாக இருந்தால் என்ன, பாட்டு நல்லாருக்கே' என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மூடி ப்ளூஸ் குழுவின் 'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்' பாடலைச் சுமந்து போகும் தந்தி ஒலி மைக் பிண்டரின் மெல்லோட்ரான். அதே ஆல்பத்தில் நிஜ ஆர்கெஸ்ட்ராவும் இருப்பதால் அவர் உழைப்பை ஆர்கெஸ்ட்ராவின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நானோ தலைகீழாக, ஜோன்ஸ் மூச்சைப் பிடித்து ஊதியதை இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிட்டேன். டேப்புக்காக அந்த ஒற்றை ஸ்வரங்களை வாசித்துக் கொடுத்த வயலின் கலைஞர்களின் பெயர் எந்த ஆல்பத்தின் அட்டையிலும் நான் பார்த்ததில்லை. யார் வாசித்தது என்று சரியாகச் சொல்வது ரசிகன் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

பந்தயத்தில் தோற்ற காபியை நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.